இரவல் குப்பை

நான் வேலை பார்த்த பயிற்சி நிலையத்தின் வாசலில் ஒரு பலகை இருந்தது. மண்ணைக் காப்போம், நீரைக் காப்போம், மரத்தைக் காப்போம் என்று அதில் பச்சை எழுத்தில் எழுதியிருந்தோம். வருடந்தோறும் அதற்குப் புது வர்ணம் அடிப்போம். அங்கே நாங்கள் தவறாமல் செய்த வேலை அது ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது.

இன்றைக்கு இதற்கெல்லாம் பெரிய பெயர்கள் வந்துவிட்டன. நீடித்த வளர்ச்சி என்கிறார்கள், சுற்றுச்சூழல் விழிப்புணர்வு என்கிறார்கள். பத்திரிகையில் அந்தச் சொற்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு குப்பைக் குழி ஞாபகத்துக்கு வரும். ஐம்பதுகளின் பின்பாதியில் எங்களுக்கு அந்தப் பெயர்கள் தெரியாது, ஆனால் விஷயம் தெரியும். சரிவில் வரப்புப் போட்டு மழைநீரை நிறுத்துவது, சாணியை வறட்டி தட்டி எரிக்காமல் எருவாக்குவது, வெட்டிய மரத்துக்குப் பதில் மரம் வைப்பது, புகை குறைந்த அடுப்பு கட்டுவது. இவற்றைக் கிராமத்து ஜனங்களுக்குச் சொல்லிக் கொடுக்கத்தான் அந்த நிலையம். திண்டுக்கல்லிலிருந்து செம்பட்டி போகும் சாலையில், ஊர் முடிந்து கொஞ்ச தூரத்தில், செம்மண்ணும் சுண்ணாம்புச் சுக்கான் கல்லுமான மேட்டில் இருந்தது. விவசாயம் படித்துப் பட்டம் வாங்கிய கையோடு நான் அங்கே பயிற்றுநராகச் சேர்ந்தேன்.

சேர்ந்த ஒரு வருடத்துக்குள் எனக்கு அலுத்துவிட்டது. அலுப்பு என்பதைவிட எரிச்சல் என்று சொல்வதுதான் சரி. பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு மதியம் கோதுமை ரவை உப்புமாவும் பால் பவுடர் கரைத்த பாலும் கொடுப்போம். உப்புமா வாசனை வருகிறவரை வகுப்பில் இருப்பார்கள். அதன்பிறகு யாரையும் பார்க்க முடியாது. நான் கரும்பலகையில் குழியின் நீளம் அகலம் ஆழம் எழுதிவிட்டுத் திரும்பினால் பின்வரிசையில் ஒருவர் துண்டை விரித்துப் படுத்திருப்பார். எழுப்பினால், "நீங்க சொல்லுங்க அப்பு, காது தூங்காது" என்பார்.

எங்கள் குழிகளும் என் பக்கம் நிற்கவில்லை. நிலையத்தின் பின்புறம் வரிசையாக, கயிறு பிடித்து அளந்து, பார்க்க அழகாக வெட்டியிருந்தோம். தழை ஓர் அடுக்கு, சாணி ஓர் அடுக்கு, மண் ஓர் அடுக்கு என்று போட்டு, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் மூன்று மாதத்தில் எரு தயார் என்பது பாடம். எங்களிடம் மாடு கிடையாது. மாட்டுக்கொட்டகை அடுத்த வருடத் திட்டத்தில் இருந்தது, அது எல்லா வருடமும் அடுத்த வருடத்திலேயே இருந்தது. கோடையில் கிணற்றில் தண்ணீரும் இல்லை. ஆகவே குழிக்குள் போட்ட தழை போட்டபடியே காய்ந்து, கறையான் பிடித்துக் கிடந்தது. மூன்று மாதம் கழித்துத் தோண்டிப் பார்த்தால் வேப்பங்குச்சியை எடுத்துப் பல் துலக்கலாம் போல இருந்தது.

இந்த நிலைமையில்தான் ஒரு வெள்ளைக்காரர் நிலையத்தைப் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. வெளிநாட்டு உதவிக்குழு ஒன்றைச் சேர்ந்தவர். அவர் எழுதும் அறிக்கையைப் பொறுத்துத்தான் நிலையம் தொடர்ந்து நடப்பதா, இழுத்து மூடுவதா என்பது. எங்கள் தலைவர் ஓய்வுபெற்ற பேராசிரியர், கதர் தவிர வேறு உடுத்தாதவர். அவர் பின்புறம் வந்து குழிகளைச் சுற்றி நடந்தார். ஒரு குழியில் கையை விட்டு ஒரு குச்சியை எடுத்து ஒடித்தார். அது சத்தத்தோடு ஒடிந்தது.

"முறை சரி. நம்மிடம் பொருள் இல்லை, அவ்வளவுதான்" என்றார் என்னிடம். "நல்ல எரு பக்கத்தில் யாரிடமாவது இரவல் வாங்கி வைப்போம். முறையாகச் செய்தால் எப்படி இருக்கும் என்று காட்டுவதில் பொய் ஒன்றும் இல்லை. பிறகு திருப்பிக் கொடுத்துவிடலாம்."

எனக்கு அது சரியாகவே பட்டது. யாரிடம் நல்ல எரு இருக்கிறது என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

நிலையத்துக்கு அடுத்த ஊரில் ஒரு பெண்மணி இருந்தார். அப்போது நாற்பது வயது இருக்கும். கணவர் திண்டுக்கல்லில் ஒரு முஸ்லிம் வியாபாரியின் தோல் கிடங்கில் வேலை பார்த்தார், வாரத்துக்கு ஒருநாள் வந்து போவார். கிணற்றுப் பாசனத்தில் சின்ன வெங்காயம் போடும் துண்டு நிலத்தை அந்த அம்மாள்தான் பார்த்துக்கொண்டார். எருமையும் ஆடும் வைத்திருந்தார், அது போதாதென்று சாலையில் சந்தைக்குப் போகும் மாட்டு வண்டிகளுக்குப் பின்னால் கூடையோடு நடந்து, விழுகிற சாணியை அள்ளுவார். இன்னொருத்தி அந்தப் பக்கம் கூடையோடு வந்துவிட்டால் சண்டை ஊருக்கே கேட்கும். வீட்டுக்குப் பின்னால் அவருடைய குப்பைக் குழி. எங்கள் பக்கம் குப்பை என்றால் வயலுக்குப் போகும் எருதான். சாணி, ஆட்டுப் புழுக்கை, அடுப்புச் சாம்பல், புளியஞ்சருகு எல்லாம் மக்கி, காப்பித்தூள் போல உதிரும் கறுப்பு எரு. என் வகுப்புக்கு அவர் ஒருநாளும் வந்ததில்லை. உப்புமா பிடிக்காதாம்.

வெள்ளைக்காரர் சனிக்கிழமை வருவதாக இருந்தது. வியாழக்கிழமை போய்க் கேட்டேன்.

"எம்புட்டு வேணும்?" என்றார்.

"நாலு வண்டி."

"நாலு வண்டியா? பிறகு என் வெங்காயத்துக்கு எதைப் போட, உங்க பலகையையா?"

இரண்டே நாளில் திருப்பிக் கொடுத்துவிடுவோம், கூடவே எங்கள் செலவில் ஒரு வண்டி செம்மறிப் புழுக்கையும் வாங்கித் தருவோம் என்றேன். ஆடிப் பட்டத்துக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். படித்த பிள்ளை ஏமாற்றாது என்று நினைத்திருக்கலாம், அல்லது புழுக்கைக்கு ஆசைப்பட்டிருக்கலாம். சம்மதித்தார்.

மறுநாள் வண்டிகளோடு போனபோது வாசலை மறித்து நின்றார்.

"இன்னைக்கு என்ன கெழம?"

"வெள்ளி."

"வெள்ளிக்கெழம வீட்டுக் குப்பைய வெளிய விட்டா கூடவே லச்சுமியும் போயிருவா. நாளைக்கு விடிய வாங்க தம்பி."

வண்டிக்காரர் மாட்டைத் தட்டிக்கொண்டே, "ஏன்க்கா, லச்சுமி குப்பைக்குள்ளயா குடியிருக்கா?" என்றார்.

"ஒங்க வீட்டுல அதுவும் இல்லையேன்னு ஒனக்கு எரிச்சல்" என்றார் அவர்.

அப்படியாக ஒருநாள் வீணானது. சனிக்கிழமை விடியற்காலையில் அள்ளி, வெயில் ஏறும் நேரத்தில் நிலையத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். எங்கள் குழிகளில் மேலாகக் கொட்டினோம், மட்டம் தட்டக்கூட நேரம் இல்லை. பந்தலும் நாற்காலிகளும் அதற்குள் டவுனிலிருந்து வந்திருந்தன. வண்டிகளுக்குப் பின்னாலேயே அந்த அம்மாளும் நடந்தே வந்துவிட்டார். வழியில் எரு சிந்துகிறதா என்று பார்க்க வந்தவர், வந்ததுதான் வந்தோம் என்று கூட்டத்தில் முன்வரிசையில் நின்றுகொண்டார். அவரைப் போகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

வெள்ளைக்காரர் நல்ல மனிதர். மாலையை உடனே கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, வரவேற்புரை முடிவதற்குள் எழுந்து நேராகக் குழிகளிடம் போனார். மண்டியிட்டு ஒரு கை எருவை அள்ளி மூக்கருகே கொண்டுபோனார். அவருடைய முகம் மலர்ந்தது. இந்தியாவில் இவ்வளவு நேர்த்தியாக மக்கிய எருவைத் தான் பார்த்ததில்லை என்றார். பிறகு நிமிர்ந்தபோது எதிரே நின்ற அந்த அம்மாளைப் பார்த்தார். உள்ளூர் விவசாயப் பெண் ஒருவர் என்ன நினைக்கிறார் என்று தெரிந்துகொள்ள விரும்புவதாகச் சொன்னார். மொழிபெயர்ப்பாளன் நான்தான். தலைவர் பக்கத்தில் நின்றார். அவருக்கு என்னைவிட நன்றாக ஆங்கிலம் தெரியும்.

இந்த எரு எப்படி இருக்கிறது என்று வெள்ளைக்காரர் கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"எப்படி இருக்கும்? என் குப்பையாச்சே" என்றார் அந்த அம்மாள்.

எரு மிகவும் நன்றாக இருப்பதாகச் சொல்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அதுவரை பெரிய பொய் இல்லை.

இப்படி எரு செய்ய எவ்வளவு காலம் ஆகும் என்று அந்த அம்மாளுக்குத் தெரியுமா என்று கேட்டார்.

"காலமா? என் மாமியா வாக்கப்பட்டு வந்ததுலேருந்து இருக்கற குழி. எடுக்க எடுக்கப் போட்டுக்கிட்டே இருக்க வேண்டியதுதான்."

மூன்று மாதம் ஆகும் என்று இங்கே கற்றுக்கொண்டாராம் என்றேன்.

அந்த அம்மாளுக்கு எங்களிடம் கேட்க ஏதாவது இருக்கிறதா என்றார் வெள்ளைக்காரர், மிகுந்த மரியாதையோடு.

"கேக்க என்ன இருக்கு? எப்பத் திருப்பித் தருவாகன்னு அந்தத் தொரைகிட்டக் கேளுங்க. இவுக தலைவர்னு சொல்லுறாகளே, அவரையும் கேளுங்க."

கூட்டத்தில் வண்டிக்காரர் சிரித்தார். நிலையத்துப் பயிற்றுநர்கள் எப்போது தங்கள் ஊருக்கு வந்து சொல்லிக் கொடுப்பார்கள் என்று கேட்கிறார் என்றேன்.

வெள்ளைக்காரர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். கூடிய சீக்கிரம் என்று சொல்லுங்கள் என்றார். அதை மட்டும் நான் வார்த்தை மாறாமல் தமிழில் சொன்னேன்.

"சீக்கிரம்னா?" என்றார் அந்த அம்மாள். "ஆடி பெறந்துரும், பாத்துக்கங்க."

தலைவர் எங்கள் மூவரையும் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு மொழியும் புரிந்தவர்கள் அங்கே நானும் அவரும்தான். அவர் தொண்டையைச் செருமினார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன், பாதி பயமும் பாதி ஆசையுமாக. அவர் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார், அவ்வளவுதான்.

அடுத்து நடந்ததை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. வெள்ளைக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டு மண்வெட்டி கேட்டார். எருவைப் பார்த்தால் போதாது, மண்ணில் போக வேண்டும் என்றார். புகைப்படக்காரர் ஓடிவந்தார். பயிற்சிக்கு வந்தவர்கள் உற்சாகமாகிவிட்டார்கள், அவர்களை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. கூடை கூடையாக அள்ளி எங்கள் மாதிரிப் பாத்தியில் இறைத்துக் கொத்திவிட்டார்கள். இருந்த கொஞ்சத் தண்ணீரையும் மேலே ஊற்றினார்கள். மதியத்துக்குள் நாலு வண்டி எருவும் சுக்கான் மண்ணோடு கலந்துவிட்டது. அந்த அம்மாள் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

நிலையம் பிழைத்தது. அறிக்கையில் எங்கள் எருவைப் பற்றி ஒரு பத்தி இருந்ததாகத் தலைவர் சொன்னார்.

திங்கட்கிழமை வகுப்பு நடக்கும்போது அந்த அம்மாள் வாசலில் வந்து நின்றார். கையில் வெறுங்கூடை. எரு மண்ணுக்கு உணவு என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் ஒருவர், "வாத்தியார் சாப்ட்டுட்டாரு போல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மாள் அதற்குப் பிறகு தினமும் வந்தார். எங்களுக்குச் செம்மறிப் புழுக்கை விற்க யாரும் முன்வரவில்லை. விதைக்கிற நேரத்தில் எவன் எருவை விற்பான்? நத்தம் பக்கம்வரை ஆள் அனுப்பிப் பார்த்தோம். ஆடி பிறந்தது.

அப்போது நிலையத்துக்குச் செயற்கை உரம் ஒரு மூட்டை மாதிரிக்காக வந்திருந்தது. வெள்ளையாக, கல்லுப்பைப் பொடித்தது போல இருக்கும். எங்கள் வகுப்புகளில் அதைப்பற்றி எச்சரித்துத்தான் பேசுவோம். எரு இல்லாமல் இதை மட்டும் போட்டால் பயிர் ஓரிரண்டு வருடம் பொங்கும், மண் செத்துப்போகும் என்பதுதான் என் பாடம். பரீட்சையில்கூட நான் அதைத்தான் எழுதித் தேறினேன். தலைவர் அந்த மூட்டையைக் காட்டி, "இதையாவது கொடுத்து அந்த அம்மாளைச் சமாதானம் செய்யுங்கள்" என்றார். அவர் முகத்தில் வெட்கம் இருந்தது. நான் மூட்டையைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போனேன்.

"என்ன இது, உப்பா?" என்றார்.

"உரம்க்கா. நடவுக்குப் பிறகு தூவித் தண்ணீர் விட்டால் போதும்."

"என் குப்பை மாதிரி வருமா?"

இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். இந்த வருடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், குழியை விட்டுவிடாதீர்கள் என்று ஒரு வரி. அந்த வரி எனக்கு மனப்பாடம். ஆனால் அவர் கண்ணிலிருந்து சீக்கிரம் தப்ப வேண்டும் என்பது ஒன்றுதான் அப்போது எனக்குத் தேவைப்பட்டது.

"அதைவிட மேல்" என்றேன். "இனிமேல் நீங்கள் வண்டிக்குப் பின்னால் கூடை தூக்கிக்கொண்டு நடக்கவே வேண்டாம்."

வெள்ளைக்காரரிடம் சொன்னதைப் பொய் என்று எண்ணி நான் பல காலம் தூக்கம் கெட்டிருக்கிறேன். இதை நான் வெகுநாள் பொய்க்கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஆறுதலாகப் பேசினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் அவருடைய வெங்காயத் தாள் கரும்பச்சையாக நின்றது. சாலையில் போகிறவர்கள் இறங்கிப் பார்த்தார்கள். அறுவடை முடிந்ததும் ஒரு கூடை வெங்காயத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நிலையத்துக்கு வந்தார். வகுப்பின் நடுவே இறக்கிவைத்து, "இந்தாங்க வாத்தியாரே. ஒங்க உப்பு விட்ட வெங்காயம்" என்றார். பின்வரிசைக்காரர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். அந்த உப்பு எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். நான் வந்த நாளாக என் வகுப்பில் எழுந்த முதல் கேள்வி அது.

பிறகு நான் எவ்வளவோ பேசினேன். எரு வேண்டும், தழை வேண்டும், உரம் கொஞ்சமாகப் போடுங்கள் என்று. "அந்தம்மாவுக்கு மட்டும் மூட்டை, எங்களுக்குச் சாணியா?" என்று கேட்டார்கள். அவர்களுக்கு அந்த அம்மாளின் வாயில் நம்பிக்கை இருந்தது, என் கரும்பலகையில் இல்லை. கூட்டுறவுச் சங்கத்துக்கு மூட்டைகள் வர ஆரம்பித்ததும் வரிசையில் முதலில் நிற்பவர் அவர்தான். எருமைகளை விற்றார். ஆடுகளை விற்றார். சாலையில் சாணி கேட்பாரற்றுக் கிடந்து வண்டிச் சக்கரத்தில் அரைபட்டது. அதைப் பார்த்துக்கொண்டு சைக்கிளில் போவேன். சில நாள் இறங்கி ஓரமாகத் தள்ளிவிட்டுப் போவேன், யாருக்கு என்று தெரியாமல்.

அறுபதுகளின் பாதியில் எனக்கு மாற்றல் வந்தது. தலைவர் அதற்குள் காலமாகிவிட்டார். அவரும் நானும் அந்தச் சனிக்கிழமையைப் பற்றி ஒருதரம்கூடப் பேசிக்கொண்டதில்லை. ஊரைவிட்டுப் போகுமுன் அந்த அம்மாளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து போனேன்.

தோட்டத்தில் இருந்தார். தண்ணீர் பாய்ந்த மண் காய்ந்து பாளமாகக் கிடந்தது. மண்வெட்டியின் பின்புறத்தால் கட்டியை உடைத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் பின்னால் குழி இருந்த இடத்தைத் தூர்த்து, ஓடு போட்டு ஓர் அறை கட்டியிருந்தார். உள்ளே மூட்டைகள் அடுக்கியிருந்தன.

வெள்ளைக்காரரிடம் நான் மாற்றிச் சொன்னதை முதலில் சொன்னேன்.

"அது தெரியாதா எனக்கு?" என்றார், மண்வெட்டியை நிறுத்தாமல். "நான் குப்பையக் கேட்டா எந்தத் தொரை நெஞ்சுல கை வப்பான்? அதத்தான் மூட்டை குடுத்து நேர் பண்ணீட்டீகளே தம்பி. அன்னைக்கே மறந்துட்டேன்."

"அந்த மூட்டையும் பொய்க்கா" என்றேன். "எருவைவிட மேல் என்று சொன்னது தப்பு. எரு இல்லாமல் அதை மட்டும் போட்டதால்தான் மண் இப்படி இறுகிக் கிடக்கிறது. திரும்பவும் குழி வெட்டுங்கள். நானே வந்து வெட்டித் தருகிறேன்."

அவர் நிமிர்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. வியாபாரியிடம் விலை கேட்டுவிட்டு யோசிக்கிறவர் முகம்.

"அப்பச் சொன்னது பொய்யா, இப்பச் சொல்லுறது பொய்யா?"

"அப்போது சொன்னதுதான்."

"அப்பவும் இப்படித்தான் மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொன்னீக." மண்கட்டி ஒன்றைக் காலால் புரட்டினார். "இம்புட்டுப் படிச்சுட்டு ஒண்ணையாச்சும் ஒரே மாதிரி சொல்ல மாட்டேங்கிறீக. வெங்காயம் வெளைஞ்சது பொய்யா? நான் கண்ணால பாத்தேனே."

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. வேர், காற்றோட்டம், நுண்ணுயிர் என்று கரும்பலகை நிறைய எழுதலாம். அவருக்கு முன்னால் நின்றுகொண்டு அதில் ஒரு சொல்லைக்கூட என்னால் எடுக்க முடியவில்லை. எடுத்தாலும் அது என் வாயிலிருந்துதான் வர வேண்டும், அந்த வாயை அவருக்கு நன்றாகத் தெரியும்.

"அது கெடக்கட்டும்" என்றார். "போறதுக்கு முன்னால ஒரு ஒத்தாசை பண்ணுங்க. இந்த வருசம் சங்கத்துல மூட்டை கம்மியாத்தான் வந்துருக்காம். முன்ன மாதிரி ஒண்ணு ரெண்டு பத்த மாட்டேங்குது. ஒங்க பேச்சை அங்க கேப்பாக. எனக்கு ரெண்டு மூட்டை கூடப் போடச் சொல்லுங்க."

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு சங்கத்துக்குப் போனேன். சொன்னேன். என் பேச்சுக்கு மரியாதை கொடுத்து, அன்றைக்கே எடுத்து வைத்துவிட்டார்கள்.